மூடாக்குப் போட்டால் களை வராதா?

கேள்வி, 9 மார்ச் 2024

இரத்மலானையில் வீடு. பின்பக்கம் நாலு பேர்ச் அளவு வெறும் காணி. கத்தரி, வெண்டி, மிளகாய் வைத்திருக்கிறேன். போன மாதம் மட்டும் மூன்று தரம் களை பிடுங்கியாயிற்று. முதுகு போய்விட்டது. மண்ணைச் சருகால் மூடி மூடாக்குப் போட்டால் களையே வராது என்று மருமகன் சொல்கிறான். உண்மையா? சருகைக் குவித்து வைத்தால் பாம்பு வந்து படுக்காதா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 மார்ச் 2024, இரவு

நேற்றுச் சிவராத்திரிக்குக் கண் விழித்த களைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் இதற்கு எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

களை வரும். ஆனால் இப்போது பிடுங்குவதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். அதுவும் இழுத்தவுடன் வேரோடு கையில் வரும். தெஹிவளையில் ஆறு பேர்ச் காணி, வீடு போக மிஞ்சிய இடத்தில் நாலு வருடமாக மூடாக்கோடுதான் தோட்டம் செய்கிறேன். 2020 ஊரடங்கில் தொடங்கியது. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். 2022 இல் மரக்கறி விலை கேட்கவே பயமாக இருந்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்போது பாத்தி கட்டாத வீடு இல்லை. இன்றைக்கும் மண்வெட்டி பிடிப்பது மூன்று வீடுகள்தான். விட்டவர்களிடம் கேட்டால் பசளையையோ பூச்சியையோ யாரும் முதலில் சொல்வதில்லை. களையைத்தான் சொல்கிறார்கள். கொழும்பு மழைக்கு ஒரு கிழமை திரும்பிப் பார்க்காமல் விட்டால் பாத்தி எது, பாதை எது என்று தெரியாது.

மூடாக்கு களையைக் கொல்வதில்லை. வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். குப்பைமேனி, தரைப்பசலை, கீழ்க்காய்நெல்லி, காட்டுக்கீரை இதெல்லாம் கடுகைவிடச் சின்ன விதைகள். பலவற்றுக்கு முளைப்பதற்கே வெளிச்சம் பட வேண்டும். இருட்டிலேயே முளைத்தாலும் மூன்று அங்குலச் சருகைத் தள்ளிக்கொண்டு மேலே வர அதன் வயிற்றில் சாப்பாடு இல்லை. பாதியிலேயே செத்துவிடும். நாம் களை பிடுங்கும்போதும் கொத்தும்போதும் அடியில் தூங்குகிற விதையைக் கிளறி வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். மாதத்துக்கு மூன்று தரம் பிடுங்கியும் தீராதது அதனால்தான்.

எவ்வளவு தடிப்பு என்றால், தும்புத்தூள், மரத்தூள் போன்ற பொடி வகை இரண்டு அங்குலம். சருகு, வைக்கோல் போன்ற உலர்ந்த பொருள் நாலு அங்குலம். அது ஒரு மழைக்கே இரண்டாக அமுங்கும். ஒரு அங்குலம் தூவிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். மெல்லியதாகப் போட்டால் ஈரம் மட்டும் நிற்கும், களை இன்னும் செழிக்கும்.

களை ஏற்கெனவே மண்டிய இடமென்றால் அடியில் காட்போட் பெட்டியை விரித்து அதற்கு மேல் சருகைப் போடுங்கள். கோரைகூட அடங்கிவிடும்.

பாம்பு விஷயம். பயப்படுவது நியாயம். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சின்ன விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும், நிறமும் அதே நிறம். இந்த நாட்டில் நச்சுப்பாம்புக் கடிகளில் கணிசமானவை அதனுடையவை. எங்கள் வீட்டில் இதுவரை கண்டதில்லை. ஆனால் பாத்திக்குள் வெறுங்கையை விடுவதில்லை, இரவில் டோர்ச் இல்லாமல் போவதில்லை. குவியலாகக் கொட்டி வைப்பதுதான் பாம்புக்கும் எலிக்கும் இடம். பரப்பிவிட்ட மூன்று அங்குலத்துக்குள் மட்டத்தேள் இருக்கும், கையுறை போடுங்கள்.

10 மார்ச்

இரண்டு விஷயம் எழுத மறந்துவிட்டேன். முதலில் இருக்கிற களையைப் பிடுங்க வேண்டும். பிறகு மண்ணை நன்றாக நனைக்க வேண்டும். அதன் பிறகுதான் மூடாக்கு. காய்ந்த மண்ணின் மேல் போட்டால் சின்ன மழை முழுவதையும் சருகே குடித்துவிடும், வேருக்கு ஒரு சொட்டும் இறங்காது. இப்போது அடிக்கிற வெயிலுக்கு இது முக்கியம்.

17 மார்ச்

கொழும்பில் சருகுக்கு எங்கே போவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எனக்குக் கிடைப்பதைச் சொல்கிறேன்.

தும்புத்தூள்: பக்கத்து வீட்டு அக்கா கொஹுபத் என்பார். பூக்கன்றுக் கடை எல்லாவற்றிலும் மூட்டையாகக் கிடைக்கும். கழுவாத தும்பில் உப்பு இருக்கும். வாங்கியவுடன் பாத்தியில் போடாமல் சாக்கைத் திறந்து இரண்டு மூன்று மழைக்கு விட்டுவிடுங்கள், உப்பு இறங்கும்.

பொச்சு மட்டை: தேங்காய் உரிக்கிற வீட்டில் சும்மா தருவார்கள். கட்டாயம் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்து கிடந்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம், தண்ணீர் நிற்கும், நுளம்பு முட்டையிடும். பாதைக்கு இதைப்போல் ஒன்று இல்லை.

மரத்தூளும் சீவலும்: மொறட்டுவைப் பக்கம் தச்சுப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சீவல்தான் நல்லது, தூள் ஒட்டிக்கொண்டு தோல் மாதிரி ஆகிவிடும். ஒட்டுப்பலகை அறுத்த தூள் வேண்டாம், பசை கலந்தது. மருந்தடித்த மரத்தின் தூளும் வேண்டாம். கேட்டு வாங்குங்கள்.

சருகு: பலா, மா, மாரா மரம். பலா இலை தடிப்பு, ஒன்றின் மேல் ஒன்று தகடு மாதிரிப் படுத்து மழையை வழுக்கிவிடும், கத்தியால் நறுக்கிப் போடுகிறேன். மாரா இலை பொடி, சீக்கிரம் உக்கும். காலையில் ஒழுங்கையைக் கூட்டும் ஐயாவிடம் ஒரு சாக்கைக் கொடுத்து வைத்தேன். எரிக்கப் போனதை நிறைத்துத் தருகிறார்.

கிளிசரியா: வேலியில் இருந்தால் அதுதான் தங்கம். வெட்டி இலையோடு பரப்புங்கள். களையையும் மறைக்கும், உக்கினால் பசளை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

அம்மா உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்தவர். நான் முதன்முதல் சருகைப் பரப்பியபோது, "உதென்ன பிள்ளை, கூட்டித் தள்ளுற குப்பையைக் கொண்டுவந்து பாத்திக்குள்ள கொட்டுறாய்?" என்றார். அவருடைய ஊரில் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வெட்டி வண்டியில் ஏற்றி வந்து புகையிலைத் தறையில் கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். குழை மண்ணுக்குக் கீழே போக வேண்டிய பொருள், மேலே கிடந்தால் வெயில் குடித்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த ஊருக்கு அது சரி. அங்கே வருடத்தில் பாதிக்குமேல் வெயில், களையைவிடத் தண்ணீர்தான் கவலை. இங்கே வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது.

6 ஏப்ரல்

மார்ச் 9 இல் நான் எழுதியதில் ஒன்று பிழை. திருத்துகிறேன், யாரும் அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

காட்போட் போட்டால் கோரையும் அடங்கும் என்றேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மூலையில் போட்டு, இரண்டு மாதம் ஒன்றும் தெரியாததால் அடங்கிவிட்டது என்று மனதில் முடிவுகட்டி வைத்திருந்தேன். இன்று காலை அதே மாதிரி ஜனவரியில் மூடிய புதுப் பாத்தியைத் திறந்து பார்த்தேன். மேலே சருகு, அதன் கீழ் எட்டுத் தாள் பத்திரிகை, அதன் கீழ் காட்போட். பத்திரிகை நனைந்து பிட்டு மாதிரி உதிர்கிற நிலை. அதில் ஒரு தலைப்பின் நடுவே ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை, துளைக்குள் வெளிறிய மஞ்சள் முளை. சுற்றி வேறு கிழிசல் இல்லை. தையல் ஊசி எப்படித் துணியைக் கிழிக்காமல் போகுமோ அப்படி வந்திருக்கிறது. பாத்தி முழுவதும் எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல்.

ஒரு முளையைப் பிடித்து விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே போனேன். நாலு அங்குலத்தில் ஒரு கிழங்கு, நிலக்கடலைப் பருப்பளவு, கறுப்பு, மேலே நார் நாராகத் தோல். அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் பக்கவாட்டில் ஓடி அடுத்த கிழங்கு. அங்கிருந்து இன்னொன்று. ஏழு கிழங்கு ஒரே மாலையில். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, கற்பூரமும் மண்ணும் கலந்த வாசம். கிழங்கில் சாப்பாடு சேர்த்து வைத்திருக்கிற செடிக்கு வெளிச்சம் இல்லாதது ஒரு பொருட்டில்லை. உள்ளிருப்பை வைத்தே மேலே வந்துவிடும். பொலித்தீனையே குத்திக்கொண்டு வரும்.

ஆகவே: விதையிலிருந்து வருகிற களைக்கு மூடாக்கு. கிழங்கிலும் தண்டிலும் வேரிலும் உயிர் வைத்திருக்கிற கோரைக்கும் அறுகுக்கும் மூடாக்கு மட்டும் போதாது. அதற்கு என்ன செய்வது என்று நானும் இப்போது யோசிக்கிறேன்.

7 ஏப்ரல்

களைநாசினி அடித்தால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிளைபோசேட் என்ற களைநாசினியை இங்கே 2015 இல் தடை செய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், 2022 இல் தடையை எடுத்தார்கள். கடையில் கிடைக்கிறது, தெரியும். நான் அடிக்க மாட்டேன். எங்கள் பாத்தி ஓரத்தில் தானாக வந்த வல்லாரையை அம்மா தினமும் காலையில் கிள்ளிக்கொண்டு போய்ச் சம்பல் போடுகிறார். மருந்து அடித்த ஓரத்தில் அவரைக் கிள்ள விட முடியுமா? ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரின் கஷ்டம் வேறு. நாலு பேர்ச்சுக்கு அது தேவையில்லை.

28 ஏப்ரல்

வல்லாரையைப் பற்றிச் சொல்லி வாய் மூடவில்லை. வருடப்பிறப்புக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஓரத்திலும் மரச்சீவலைப் பரப்பிவிட்டேன். வல்லாரை போய்விட்டது. மூடாக்குக்கு எது களை, எது கீரை என்று தெரியாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மதிலோரம் மிஞ்சிய இரண்டு கொடியை ஒரு பழைய வாளியில் நட்டு வைத்திருக்கிறார். பொன்னாங்காணி, கீழ்க்காய்நெல்லி எது உங்கள் வீட்டில் உபயோகமோ அதை முதலில் பார்த்து ஒதுக்கிவிட்டுப் போடுங்கள்.

25 மே

மழை பிடித்துவிட்டது. மார்ச் மாதத்தில் நான் சொன்னதை மழைக்கென்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தண்டு. மூடாக்கைச் செடியின் தண்டோடு ஒட்டிப் போடவே கூடாது. மூன்று கத்தரிக்கன்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. கையால் தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு சாண் வெறும் மண் விடுங்கள். மழைக்காலத்தில் தடிப்பையும் பாதியாகக் குறையுங்கள்.

இரண்டு, நத்தை. அந்தப் பெரிய ஆபிரிக்க நத்தைக்கு ஈரமான சருகைவிட வேறு வீடு வேண்டாம். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு எட்டரைக்கு டோர்ச்சோடு போனால் மிளகாய்க் கன்றின் தலையில் ஒன்று, பயிற்றைக் கொடியில் இரண்டு. நேற்று ஒரு வாளி பொறுக்கினேன். கையுறையோடு பொறுக்குங்கள், நத்தையிலிருந்து மூளையைத் தாக்கும் புழு மனிதருக்கு வரலாம். உப்புப் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். பாத்தியில் உப்புத் தூவினால் நத்தை போகும், மண்ணும் போகும். நான் சவர்க்காரத் தண்ணீர் நிறைத்த மூடியுள்ள வாளியில் போடுகிறேன். பலகைத் துண்டு ஒன்றைப் பாத்தியோரம் சாய்த்து வைத்தால் காலையில் அதன் கீழ் கூடியிருக்கும், தேடி அலைய வேண்டாம்.

மூன்று, கறையான். வீட்டுச் சுவரோடு சேர்த்து மரச்சீவலைப் போட்ட ஒருவரின் கதவு நிலை போய்விட்டதாக எழுதியிருக்கிறார். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே போடுங்கள்.

4 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை மழையில் பாதித் தும்புத்தூள் போய்விட்டது. கானைத் தாண்டி ஒழுங்கை முழுவதும் மண்ணிற நுரை மாதிரிப் பரந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் வாசலைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளத்தில் வீடே போனவர்கள் இருக்கும்போது இதை ஒரு நட்டமாகச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்: காய்ந்த தும்புத்தூள் மிதக்கும். சரிவான இடத்தில் மழைக்காலம் அதை நம்பாதீர்கள். சருகும் வைக்கோலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. பொச்சு மட்டை வரிசை ஒன்றுகூட நகரவில்லை. இனிமேல் தூளை மேலே விடாமல் அதன் மேல் ஒரு பிடி சருகைப் போட்டு அமுக்கப் போகிறேன்.

மூடிய பாத்தியில் இன்னொன்று கண்டேன். கத்தரி இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. திறந்த பாத்தியில் மழைத்துளி தெறித்து முழங்கால் உயரத்துக்கு இலையெல்லாம் சேறு, அந்தச் சேற்றோடுதான் நோயும் ஏறுகிறது.

21 ஜூலை

கறுப்புப் பொலித்தீன் விரித்தால் ஒரே தரத்தில் முடியாதா என்று கேட்டவருக்கு.

மேட்டுநிலத்தில் ஏக்கர் கணக்கில் செய்பவர்களுக்கு முடியும். நான் மே மாதம் கோரைப் பாத்தியில் மட்டும் விரித்துப் பார்த்தேன், அதை இங்கே சொல்லவில்லை. ஒன்று, கோரை குத்திக்கொண்டு வந்தது, ஏப்ரலில் எழுதியபடியே. இரண்டாவதுதான் பெரிய பிழை. போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பூச்சட்டி, பீலி, குளிர்சாதனப் பெட்டியின் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு, பொலித்தீன் ஒரு மூலையில் சுருங்கி மடிந்திருந்த இடத்தைக் காட்டினார். உள்ளங்கையளவு தண்ணீர். அதில் புழு நெளிகிறது. பேனாவால் தொட்டதும் எல்லாம் ஒன்றாக அடிக்கு இறங்கின. பக்கத்து வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறது. இரண்டு நாள் எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தாலும் சாகாது, மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நான் பொலித்தீனை அன்றே சுருட்டி எடுத்துவிட்டேன். கொழும்பில் மாதம் தவறாமல் மழை இருக்கிறது. இங்கே தண்ணீரை உள்ளே விடுகிற பொருளை மட்டும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

3 ஆகஸ்ட்

இரத்மலானையில் கேள்வி கேட்ட அக்கா எழுதியிருக்கிறார்: மரத்தூள் போட்டு ஆறு கிழமை, களை நின்றுவிட்டது, ஆனால் கத்தரி இலை மஞ்சளாகிறது, மூடாக்குதான் காரணமா?

அக்கா, தூளை மண்ணோடு கொத்திக் கலந்தீர்களா? கலந்திருந்தால் அதுதான் காரணம். மரத்தூளில் நைதரசனைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல் காபன். அதை உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு இருபத்தைந்து, முப்பது மடங்குதான் சரி வரும். மீதி நைதரசனை மண்ணிலிருந்து உறிஞ்சும், செடிக்கு இல்லாமல் போகும். மேலே மட்டும் கிடந்தால் அந்தப் பறிப்பு மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும், வேர் வரை போகாது. மேல்தோலில் நைதரசன் இல்லாததும் சின்னக் களைக்குக் கேடு, நமக்கு நல்லது.

5 ஆகஸ்ட்

கலந்துதான் விட்டேன் என்கிறார். சரி, பயப்பட வேண்டாம், நிரந்தரமான சேதம் இல்லை. உக்கிய பிறகு பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும். இப்போதைக்குக் கிளிசரியா இலையை வாளியில் ஊறப்போட்டு, நாறத் தொடங்கியதும் பத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் கலந்து அடியில் ஊற்றுங்கள். நல்ல கூட்டெரு இருந்தால் செடிக்கு ஒரு சிரட்டை. இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ இருந்தாலும் மஞ்சள் விழும்.

14 செப்டம்பர்

தேர்தல் காலம், கேட்டுக்குள் துண்டுப்பிரசுரம் மழை மாதிரி விழுகிறது, அதை அடியில் போடலாமா என்று கேட்கிறார்கள். மினுங்குகிற தாள் வேண்டாம். பூச்சு இருக்கிறது, உக்காது, தண்ணீரையும் விடாது. சாதாரணப் பத்திரிகைத் தாள் போதும், ஆறு முதல் எட்டுத் தாள், ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஒரு கையகலம் ஏற வேண்டும். இடைவெளி எங்கேயோ களை அங்கே. காட்போட் என்றால் ஒட்டிய ரேப்பையும் கம்பியையும் உரித்துவிடுங்கள்.

22 செப்டம்பர்

பிடுங்கிய களையையே மூடாக்காகப் போடலாமா? நல்ல கேள்வி, நானும் செய்கிறேன். பூக்கவில்லை என்றால் அப்படியே வேர் மேலே இருக்கும்படி படுக்க வைப்பேன், ஒரு வெயிலில் காய்ந்துவிடும். பூத்ததையும் காய்த்ததையும் போடக் கூடாது.

தண்டு முறித்தால் முளைக்கிற வகையைப் பாத்திக்கு அருகேயே விடாதீர்கள். பொன்னாங்காணியைப் போலவே ஒரு களை இருக்கிறது, முதலைக்களை என்று வைத்துக்கொள்ளுங்கள், அலிகேட்டர் களை. ஒரு கணுத் துண்டு விழுந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் நம் நாட்டவர்கள் முகுனுவென்ன (பொன்னாங்காணியின் சிங்களப் பெயர்) என்று நினைத்து வீட்டுத் தோட்டங்களில் இதை வளர்த்து, அரசாங்கம் வீடு வீடாகத் தேடிப் பிடுங்கி, பதிலுக்கு வேறு கீரை கொடுத்த கதை நடந்தது. பூவைப் பார்த்தால் தெரியும்: பொன்னாங்காணிப் பூ காம்பில்லாமல் இலைக்கணுவோடு ஒட்டியிருக்கும், இதன் பூ ஒரு நீளக் காம்பின் நுனியில் வெள்ளைப் பந்தாக நிற்கும். சந்தையில் கட்டு வாங்கி நடுகிறவர்கள் பார்த்து நடுங்கள்.

15 அக்டோபர்

மறுபடி வெள்ளம். களனிப் பக்கமும் கடுவெலைப் பக்கமும் இருப்பவர்கள் பத்திரமாக இருங்கள், தோட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே தண்ணீர் ஏறவில்லை. மார்ச்சில் நாலு அங்குலம் போட்ட சருகு இப்போது விரலளவுகூட இல்லை. நடுவில் ஜூனிலும் ஆகஸ்டிலும் இரண்டு தரம் நிரப்பியும் இதுதான் நிலைமை. குளிர் நாட்டவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போடுவதைப் படித்துவிட்டு இங்கே அப்படிச் செய்தால் மூன்றாம் மாதம் களை திரும்பிவிடும். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் எதுவும் நிற்காது. உக்கியது நட்டமில்லை. இங்கே கபுக் மண், கல் மாதிரி இறுகியது, மண்வெட்டி பட்டால் தெறிக்கும். இப்போது அந்தப் பாத்தியில் கையால் குழி பறிக்கலாம். ஆனால் நிரப்ப ஆள் இல்லையென்றால் தொடங்காதீர்கள், அல்லது பாதி இடத்தில் தொடங்குங்கள்.

நிரப்ப முடியாத இடத்துக்கு உயிர் மூடாக்கு. வத்தாளைக் (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) கொடியை ஒரு முழத் துண்டாக வெட்டிக் கோரைப் பாத்தியில் ஜூலைக் கடைசியில் நட்டேன், பொலித்தீனை எடுத்த கையோடு. முதல் ஆறு கிழமை கோரையைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருதரம், மேலே இலை விட்டுக் கிழங்குக்குத் திருப்பிச் சாப்பாடு அனுப்புவதற்கு முன். அதன் பிறகு கொடி மூடிக்கொண்டது. கோரைக்கு நிழல் பிடிக்காது. இலையை அம்மா வறை செய்கிறார், சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு. கோரைக்கிழங்கைப் பக்கத்து வீட்டு அக்கா கழுவிக் காய வைத்து எடுத்துப் போகிறார், கலாந்துறு என்பார், காய்ச்சலுக்குக் கசாயத்தில் போடுவார்களாம்.

2 நவம்பர்

தீபாவளிக்கு வந்த தம்பி தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பாத்தியில் ஒன்றைத் திறந்தே விட்டிருப்பது ஏன் என்று கேட்டான். ஒப்பிட்டுப் பார்க்கத்தான். இரண்டும் பத்தடிக்கு மூன்றடி, இரண்டிலும் வெண்டி. போன மாதம் திறந்த பாத்தியில் பிடுங்கியது வாளி நிறைய. மூடியதில் ஒரு கைப்பிடி, அதில் பாதி கோரை. ஆனால் திறந்த பாத்தியில் விதை போட்டுக் கீரை முளைக்கிறது, மூடியதில் முளைக்காது. கீரை, கரட் மாதிரிச் சின்ன விதையை நேரே போடுபவர்கள் முளைத்து விரல் உயரம் வந்த பிறகுதான் வரிசைக்கு இடையில் மூடாக்கை நகர்த்த வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

தாழ்ந்த மூலையில், தண்ணீர் நிற்கிற இடத்தில், மழை முடியும் வரை ஒன்றுமே போடாமல் விடுகிறேன். "ஈரத்துக்கு மேல போர்வை போடுறாய்" என்று அம்மா மே மாதமே சொன்னார். அந்த மூலையில் அவர் சொன்னதுதான் சரி. அங்கே வைத்த மிளகாய் எல்லாம் வாடியது.

29 டிசம்பர்

வத்தாளையைக் கிளப்பினோம். ஒரு சின்ன சாக்கு நிறையக் கிழங்கு. அதை விடுங்கள், கோரை என்னவாயிற்று என்று பார்க்கத்தான் எனக்கு அவசரம். பாத்தியின் நடுவில் ஒரு அடிச் சதுரம் வெட்டி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து அரிதட்டில் சலித்தோம். ஒன்பது கிழங்கு. ஐந்து சுருங்கி, விரலால் நசுக்கினால் உள்ளே வெறும் தூள். மற்ற நாலும் கெட்டியாக இருந்தன, நகத்தால் கீறினால் அதே வெள்ளை, அதே வாசம். ஒன்றில் முளையும் இருந்தது.

இரத்மலானை அக்காவின் கத்தரி பச்சைக்குத் திரும்பிவிட்டதாம், படம் போட்டிருக்கிறார். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டிருக்கிறார், பார்த்தேன். மதிலோரம் தெரிகிற அந்தச் சருகுக் குவியலை மட்டும் பரப்பிவிடுங்கள் அக்கா.

நாளைக்கு அதே பாத்தியில் மறுபடி வத்தாளைக் கொடி நடுகிறேன். அம்மாவின் வாளி வல்லாரை நிரம்பி வழிகிறது, நாலு கொடியை மதிலோரத்துக்குத் திருப்பி நடச் சொல்கிறார். அங்கே சீவல் போட மாட்டேன்.